1950க்கு முந்தைய கூடைப்பந்து வீரர்களில் யாராவது இன்றைக்குத் தாங்குவார்களா?

திருச்சி கார்டு:
"எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்" பட்டியல் எதை எடுத்தாலும் பில் ரஸ்ஸலில்தான் தொடங்குகிறது. ரஸ்ஸல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்கு வந்தது 1956இல். ஆட்டம் பிறந்தது 1891 டிசம்பரில். நடுவில் 65 வருஷம் ஆடியவர்களை யாரும் சீண்டுவதே இல்லையே, ஏன் என்று 1940களின் துண்டுப் படங்களைத் தேடிப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. கால் தரையை விட்டு எழும்பாமல், இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பந்தைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோவைக் குனிந்து கீழிருந்து வீசுகிறார்கள். இடது கையால் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுகிற, அதாவது டிரிபிள் செய்கிற ஆளைக் காணவே காணோம். எங்கள் மாவட்ட ஜூனியர் டீம் இவர்களை இருபது பாயிண்டில் அடித்துவிடும். மறுக்கிறவர்கள் பெயரை மட்டும் அடுக்காமல் காரணத்தோடு வாருங்கள்.

சென்டர் செல்வம்:
தம்பி, ரிங்குக்கு அடியில் நிற்கவைத்து வலது கை, இடது கை என்று பந்து தரையில் விழாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி உங்கள் கோச் உயிரை வாங்குவாரே, அதற்குப் பேர் மைக்கன் டிரில். நீங்கள் பார்த்துச் சிரித்த ஜார்ஜ் மைக்கன்தான் அது.

உயரம் 6 அடி 10 அங்குலம். சோடாபுட்டிக் கண்ணாடி. இவ்வளவு உயரமானவன் எதற்கும் லாயக்கில்லை, தடுக்கி விழுவான் என்றுதான் அன்றைக்கு நினைப்பு. நோட்டர் டேம் கல்லூரி கோச் திருப்பி அனுப்பிவிட்டார். 1942இல் டிபால் கல்லூரிக்குப் புதிதாக வந்த ரே மேயர் மட்டும் விடவில்லை. கயிறு தாண்டவைத்தார், குத்துச்சண்டை பழகவைத்தார், கால் லாவகம் வரட்டும் என்று ஒரு பெண்ணைப் பிடித்து நடனம்கூடச் சொல்லிக்கொடுக்கவைத்தார். அப்புறம் பக்கவாட்டில் நின்று தலைக்கு மேலே கையை வளைத்துப் போடும் ஹூக் ஷாட், வலது கை, இடது கை இரண்டிலும், நூற்றுக்கணக்கில், தினமும்.

விளைவு என்ன? ரிங்குக்கு மேலே வரும் பந்தை எதிரணிக்காரன் தட்டிவிடக் கூடாது என்று 1944இல் விதி வந்தது. காரணம் மைக்கனும் ஓக்லஹோமாவின் பாப் கர்லாண்டும். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த பிறகு அவரை ரிங்கிலிருந்து தள்ளி நிறுத்த, ரிங்குக்கு முன்னால் உள்ள மூன்று விநாடிக் கட்டத்தின் அகலத்தையே 1951இல் 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். அப்படியும் அவருடைய அணியான மின்னியாபொலிஸ் லேக்கர்ஸ் 1952, 53, 54 மூன்று வருஷமும் பட்டம் வென்றது. மாவட்ட ஜூனியர் டீமில் யாருக்காகவாவது கோர்ட்டில் கோட்டை அழித்துப் போட்டார்களா?

பெஞ்ச் பிளேயர்:
கோட்டை அழித்தார்கள் சார். மழையில்.

திருச்சி கார்டு:
செல்வம் அண்ணா, குட்டை ஆட்கள் நடுவில் ஒரு நெட்டை நின்றால் யாருக்கும் அப்படித்தான். இன்றைக்கு 6 அடி 10 அங்குலத்தில் டீமுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்கள் மூன்று பாயிண்டும் போடுகிறார்கள்.

வலைக்கூண்டு:
உயரம் மட்டும் போதும் என்றால் கர்லாண்டு 7 அடி. 1945இல் கல்லூரி சாம்பியன்கள் இருவரும் செஞ்சிலுவைச் சங்க நிதிக்காக மோதியபோது, 14 நிமிஷத்திலேயே மைக்கன் ஃபவுல் வாங்கி வெளியேறினார், கர்லாண்டின் அணி 52-44 என்று ஜெயித்தது. ஆனால் கர்லாண்டு என்.பி.ஏ. பக்கமே வரவில்லை. பிலிப்ஸ் எண்ணெய்க் கம்பெனியில் வேலை, கம்பெனி டீமில் ஆட்டம், 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். அன்றைக்கு அதுதான் புத்திசாலித்தனமான பிழைப்பு. மைக்கன் தனியாகத் தெரிவது அவர் தொழில்முறைக்கு வந்ததால்.

மைக்கன் என்ன செய்தார் என்று தெரிய ஒரே ஒரு ஆட்டத்தைப் பாருங்கள். 1950 நவம்பர் 22. ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் 19, லேக்கர்ஸ் 18.

பெஞ்ச் பிளேயர்:
முதல் குவார்ட்டரா?

வலைக்கூண்டு:
முழு ஆட்டம். மைக்கன் இருக்கும்வரை ஓடி ஆடி ஜெயிக்க முடியாது என்று பிஸ்டன்ஸ் முடிவு கட்டிவிட்டார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். ஜனம் கூச்சல் போடுகிறது, நடுவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், விதியில் தடையில்லை. கடைசிக் குவார்ட்டரில் இரண்டு அணியும் சேர்ந்து எடுத்தது நான்கே பாயிண்ட். கடைசி விநாடிகளில் லாரி ஃபவுஸ்ட் போட்ட கூடையில் பிஸ்டன்ஸ் ஜெயித்தது. லேக்கர்ஸின் 18இல் 15 மைக்கனுடையது, அந்த அணி போட்ட ஃபீல்டு கோல்கள் நான்கும் அவருடையவையே.

இந்த மாதிரிக் கூத்துகளால்தான் 1954இல் 24 விநாடிக் கடிகாரம் வந்தது. சிரக்யூஸ் அணியின் முதலாளி டேனி பியாசோன் போட்ட கணக்கு எளிமையானது. நன்றாக ஓடுகிற ஒரு ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 ஷாட் எடுக்கின்றன. 48 நிமிஷம் என்றால் 2,880 விநாடி. வகுத்தால் 24.

ராகவி:
நான்கு பேர் பேசிவிட்டீர்கள், என்.பி.ஏ. வாசலைத் தாண்டவில்லை. அந்த லீக் 1946இல் வேறு பெயரில் தொடங்கியது. திருச்சி கார்டு கேட்டது 1891 முதல். 1930களில் உலகத்தின் சிறந்த அணி எது என்று கேட்டால் பதில் நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமில் இருக்கிறது.

நியூயார்க் ரெனசான்ஸ், சுருக்கமாக ரென்ஸ். 1923இல் பாப் டக்ளஸ் தொடங்கிய அணி. அவர் கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸில் பிறந்தவர். முதலாளி, வீரர்கள் எல்லாருமே கறுப்பர்கள். சொந்த மைதானம் என்று எதுவும் கிடையாது. ரெனசான்ஸ் பால்ரூம் என்ற நடனக்கூடத்துக்காரரிடம் டக்ளஸ் பேசினார்: அணிக்கு உங்கள் இடத்தின் பெயரையே வைக்கிறேன், ஆட எனக்கு இடம் கொடுங்கள். நடனத்துக்காக வழவழவென்று இழைத்த தரையில் ஆட்டம் நடக்கும். முடிந்ததும் பேண்டு வாசிக்கும், பார்க்க வந்த ஜனம் அதே தரையில் ஆடும்.

1932-33 சீசனில் தொடர்ந்து 88 ஆட்டம் ஜெயித்தார்கள். வருஷத்தில் பெரும்பகுதி பஸ்ஸில்தான். பல ஊர்களில் ஓட்டலில் அறை தரமாட்டார்கள், சாப்பாட்டுக் கடையில் உட்காரவிடமாட்டார்கள். அறை கிடைக்கிற ஊரில் தங்கிக்கொண்டு, ஆட்டத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் போய்வருவார்கள். சீக்கிரம் ஜெயித்து, சீக்கிரம் கிளம்ப வேண்டும். அதனால் அவர்கள் பழகிக்கொண்டது பாஸ். டிரிபிளே இல்லாமல் பந்து கைமாறிக்கொண்டே இருக்கும்.

1939இல் சிகாகோவில் முதல் உலகத் தொழில்முறைப் போட்டி நடந்தது. அரையிறுதியில் இன்னொரு கறுப்பர் அணியான ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸை வென்று, இறுதியில் வெள்ளையர் அணியான ஆஷ்காஷ் ஆல்-ஸ்டார்ஸை 34-25 என்று தோற்கடித்தது ரென்ஸ். அதற்கு டக்ளஸ் எல்லாருக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். முதுகில் 'நிறத்தவர் உலக சாம்பியன்' என்று எழுத்து. ஜான் ஐசக்ஸ் என்ற கார்டு ஒரு சவர பிளேடை எடுத்து 'நிறத்தவர்' என்ற சொல்லின் தையலை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். ஜாக்கெட்டைப் பாழாக்குகிறாயே என்று டக்ளஸ் கத்த, பாழாக்கவில்லை, சரிபண்ணுகிறேன் என்றாராம் ஐசக்ஸ்.

ரென்ஸின் டார்சன் கூப்பர், பாப் கேட்ஸ், ஃபேட்ஸ் ஜென்கின்ஸ், வில்லி ஸ்மித். இந்தப் பெயர்களில் ஒன்றாவது உங்கள் பட்டியல்களில் பார்த்ததுண்டா?

திருச்சி கார்டு:
ராகவி அக்கா, கதை அருமை. ஆனால் 88 ஆட்டம் யாரோடு? ஊர் ஊராகப் போய் லோக்கல் டீம்களை அடித்த கணக்குதானே.

ராகவி:
லோக்கல் டீம்களும் அதில் உண்டுதான். ஆனால் அந்த 88ஐ முடித்துவைத்தது யார் தெரியுமா? ஒரிஜினல் செல்டிக்ஸ். பாஸ்டன் செல்டிக்ஸ் இல்லை, அதற்கும் முந்திய நியூயார்க் அணி. ஜோ லாப்சிக், டட்ச் டெனெர்ட், நேட் ஹோல்மன் எல்லாம் வளர்ந்த இடம். அமெரிக்க லீக்கில் 1926-27, 1927-28 இரண்டு பட்டமும் வாங்கினார்கள். வேறு எவனும் ஜெயிக்க முடியவில்லை என்று 1928இல் லீக்கே அணியைக் கலைத்து ஆட்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. பிற்பாடு திரும்பச் சேர்ந்து ஊர் சுற்றினார்கள். ரென்ஸும் செல்டிக்ஸும் மோதினால் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். ஆட்டத் தொடக்கத்தில் லாப்சிக் நடுவட்டத்துக்கு வந்து கூப்பரைக் கட்டிப்பிடிப்பார். அந்தக் காலத்து அமெரிக்காவில் பல ஊர்களில் அது வம்பை விலைக்கு வாங்குகிற காரியம்.

செல்வம் சாருக்கும் ஒன்று. 1948 பிப்ரவரி 19, சிகாகோ ஸ்டேடியம், 17,823 பேர் முன்னால் உங்கள் லேக்கர்ஸும் குளோப்டிராட்டர்ஸும் ஆடினார்கள். முதல் பாதியில் மைக்கன் பின்னியெடுத்தார். இரண்டாம் பாதியில் கூஸ் டேட்டமும் மற்றவர்களும் சேர்ந்து அவரை மடக்கினார்கள், மார்க்வெஸ் ஹேன்ஸ் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தினார், கடைசி நொடியில் எர்மர் ராபின்சன் தூரத்திலிருந்து போட்டார். 61-59. இவர்கள் கோமாளி வித்தை காட்டுகிறவர்கள் என்றுதான் லேக்கர்ஸ் நினைத்திருந்தது.

சென்டர் செல்வம்:
அம்மா, அந்த ஆட்டத்தை நான் மறுக்கவே இல்லை. மைக்கன் 24 பாயிண்ட் எடுத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று சும்மா சிரிக்க. 1949 டிசம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வாசல் பலகையில் "ஜியோ. மைக்கன் எதிர் நிக்ஸ்" என்று போட்டார்கள். நிக்ஸ் நியூயார்க் அணி. லேக்கர்ஸ் என்ற பேரே இல்லை. மைக்கன் உடை மாற்றிவிட்டுத் திரும்பினால் மற்றவர்கள் எல்லாரும் கோட்டும் சட்டையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பலகையில் உன் பேர்தானே இருக்கிறது, நீயே போய் ஆடு என்றார்களாம்.

ராகவி:
ரென்ஸின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1948-49இல் அவர்கள் டேட்டன் ரென்ஸ் என்ற பெயரில் தேசிய லீக்கில் ஆடினார்கள், பாப் கேட்ஸ் வீரரும் கோச்சுமாக. அடுத்த வருஷம் 1946இல் தொடங்கிய லீக்கும் இந்தத் தேசிய லீக்கும் இணைந்து என்.பி.ஏ. ஆனபோது தேசிய லீக்கின் அணிகள் பலவற்றை எடுத்துக்கொண்டார்கள். டேட்டனை எடுக்கவில்லை. 1949-50இல் என்.பி.ஏ.வில் ஒரு கறுப்பர்கூட இல்லை. நீங்கள் தேடிய துண்டுப் படங்களில் இவர்கள் ஏன் இல்லை என்பதற்கு இதுவே பதில்.

பெஞ்ச் பிளேயர்:
இந்த இழையில் முதல்முறையாக நான் ஜோக் அடிக்காமல் போகிறேன்.

நந்தனம் நினைவுகள்:
உபகரணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைத் தெரியாமல் அந்த ஷாட்டுகளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் முதல் ஆட்டத்தை நடத்தியது கால்பந்தை வைத்து. பால்கனிக் கைப்பிடியில் பீச் பழக்கூடையை ஆணியடித்து மாட்டினார். பால்கனி 10 அடியில் இருந்தது, அதனால் இன்றைக்கும் ரிங் 10 அடி. பின்னால் வந்த பந்தில் செருப்புக்குப் போடுவது மாதிரி லேஸ் இருக்கும். லேஸ் பக்கம் தரையில் பட்டால் பந்து எங்கே போகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் டிரிபிள் எப்படிச் செய்வது? தொழில்முறை ஆட்டத்தில் கோர்ட்டைச் சுற்றிக் கம்பி வலை கட்டினார்கள். பந்து வெளியே போகாது, ஆட்கள் வலையில் மோதிக் கிழிபடுவார்கள். போர்டே இல்லாத ரிங்கும் உண்டு. பார்னி செட்ரன் 5 அடி 4 அங்குலம். போர்டு இல்லாத ரிங்கில் ஒரே ஆட்டத்தில் 17 கூடை போட்டவர்.

1920களின் தொடக்கம்வரை ஒரு அணியின் ஃப்ரீ த்ரோ எல்லாவற்றையும் ஒரே ஆள் போடலாம். 1937வரை ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவட்டத்துக்குத் திரும்பி வந்து ஜம்ப் பால், நடுவர் மேலே எறிகிற பந்துக்கு இருவர் குதிப்பது. ஸ்கோர் குறைவாக இருந்ததற்கு ஆட்களின் திறமை மட்டும் காரணம் இல்லை.

நம் ஊர்த் தொடர்பும் அந்த ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்தே வருகிறது. அங்கே படித்த ஹாரி குரோ பக் 1920இல் மதராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் பல தலைமுறை பி.டி. வாத்தியார்கள் அங்கே படித்து வந்தவர்கள்.

திருச்சி கார்டு:
சார், லேஸ் விஷயம் தெரியாது. சரி, ஷாட்டுக்கு வாருங்கள். ஜம்ப் ஷாட் இல்லாத கூடைப்பந்தை எப்படி மதிப்பது? முதலில் எறிந்தது யார்?

வலைக்கூண்டு:
அரை டஜன் பேருக்கு அந்தப் பட்டத்தைக் கட்டுகிறார்கள். எனக்கு முக்கியமானவர்கள் இரண்டு பேர்.

முதலாமவர் ஸ்டான்ஃபோர்டின் ஹாங்க் லுயிசெட்டி. அவருடையது ஓடிக்கொண்டே ஒரு கையால் விடுகிற ஷாட், சுத்தமான ஜம்ப் ஷாட் என்று சொல்ல மாட்டேன். 1936 டிசம்பர் 30 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், 43 ஆட்டமாகத் தோற்காத லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தை ஸ்டான்ஃபோர்டு 45-31 என்று தோற்கடித்தது. கிழக்குக் கரை முழுக்க இரண்டு கை ஷாட்டே வேதவாக்கு. ஒரு கையில் எறிவதைக் கற்றுக்கொடுக்கிற நிலை வந்தால் கோச் வேலையையே விட்டுவிடுவேன் என்ற பொருளில் நேட் ஹோல்மன் சொன்னார். பதினைந்து மாதம்கூட ஆகவில்லை, 1938 புத்தாண்டு தினத்தில் டுகேன் அணிக்கு எதிராக லுயிசெட்டி தனியாளாக 50 பாயிண்ட் போட்டார்.

இரண்டாமவர் கென்னி சைலர்ஸ். வயோமிங்கில் ஒரு பண்ணை. காற்றாடிக் கம்பத்தில் ரிங். அண்ணன் பட் நெடுநெடுவென்று வளர்ந்தவன், தம்பிக்கு 13 வயது, எப்படி எறிந்தாலும் அண்ணன் தட்டிவிடுகிறான். வேறு வழியில்லாமல் ஒரு நாள் டிரிபிளை நிறுத்தி நேராக மேலே குதித்து, உச்சியில் இருக்கும்போது பந்தை விட்டான் பையன். 1934 வாக்கில் நடந்தது. 1943இல் வயோமிங் கல்லூரிகளின் தேசியத் தொடரான என்.சி.ஏ.ஏ. பட்டம் வாங்கியபோது தொடரின் சிறந்த வீரர் அதே பையன். அந்த வருஷம் என்.ஐ.டி. பட்டம் வாங்கியது செயின்ட் ஜான்ஸ். (நம்ம திருச்சி என்.ஐ.டி. இல்லை, கார்டு தம்பி கோபப்படாதீர்கள். அது அன்றைக்குப் பெரிய அழைப்புத் தொடர்.) இரண்டு சாம்பியன்களும் மோதி, கூடுதல் நேரத்தில் வயோமிங் 52-47. தோற்ற அணியின் கோச், ராகவி சொன்ன அதே ஜோ லாப்சிக்.

1946இல் சைலர்ஸ் கிளீவ்லாந்து ரெபெல்ஸுக்குத் தொழில்முறை ஆடப் போகிறார். அங்கே கோச் டட்ச் டெனெர்ட். எதிரணியின் காவல்காரனுக்கு முன்னால் கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, வருகிற பந்தை வாங்கி ஓடுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பிவட் ஆட்டத்தைப் பரப்பிய செல்டிக்ஸ் டெனெர்ட். ஆட்டத்தையே மாற்றிய மனுஷர். அவர் சைலர்ஸைப் பார்த்து, இப்படிக் குதித்து ஒரு கையில் எறிந்தால் இந்த லீக்கில் தேறமாட்டாய் என்றார். சீசன் முடிவதற்குள் டெனெர்ட் போய்விட்டார், சைலர்ஸ் இருந்தார். ஹோல்மன், டெனெர்ட் இருவரும் ஒரே செல்டிக்ஸில் ஆடியவர்கள் என்பதுதான் எனக்கு இதில் ருசி.

நந்தனம் நினைவுகள்:
பெண்களை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊரில், ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் 1892இலேயே மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். கோர்ட்டை மூன்றாகப் பிரித்து, பந்தைப் பிடுங்கக் கூடாது என்று தனி விதி. மென்மையாக ஆடட்டும் என்று நினைத்தார்கள்.

கனடாவின் எட்மன்டன் கிராட்ஸுக்கு அந்த மென்மை எல்லாம் தெரியாது. 1915 முதல் 1940வரை, ஒரே பள்ளியில் படித்து வெளிவந்த பெண்களை வைத்து பெர்சி பேஜ் என்ற ஆசிரியர் நடத்திய அணி. பகலில் அலுவலகத்திலோ பள்ளியிலோ வேலை, மாலையில் பயிற்சி. ஐந்நூறுக்கு மேல் வெற்றி, தோல்வி இருபது சொச்சம். 1924 முதல் 1936வரை ஒலிம்பிக் நடந்த காலங்களில் போய்க் காட்சி ஆட்டம் ஆடினார்கள், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1976இல், அதனால் பதக்கம் கிடையாது. அமெரிக்காவில் ஹேசல் வாக்கர் 1949இல் சொந்த அணி தொடங்கி, ஆண்கள் அணிகளோடு ஆண்கள் விதியிலேயே ஆடிப் பெரும்பாலும் ஜெயித்தார். இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்று ஃப்ரீ த்ரோ சவால் வேறு.

பெஞ்ச் பிளேயர்:
சார், அந்தச் சவாலுக்கு நான் போயிருந்தால் இடைவேளை நீண்டிருக்கும்.

ராகவி:
வாட் மிசாகாவையும் யாராவது சேருங்கள். யூட்டாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி, 5 அடி 7 அங்குலம். 1944இல் யூட்டாவோடு என்.சி.ஏ.ஏ. பட்டம், பிறகு ராணுவம், திரும்பி வந்து 1947 என்.ஐ.டி. இறுதியில் கென்டக்கியின் ரால்ஃப் பியர்டை ஒரே பாயிண்டில் நிறுத்தினார். நிக்ஸ் எடுத்தது. மூன்று ஆட்டம், 7 பாயிண்ட், அவ்வளவுதான், அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த லீக்கில் ஆடிய வெள்ளையரல்லாத முதல் ஆள் அவர். ஊருக்குத் திரும்பிப் படிப்பை முடித்து இன்ஜினியர் ஆனார்.

திருச்சி கார்டு:
சரி, ஜூனியர் டீம் பேச்சை ஒத்திவைக்கிறேன். கேள்வியை மாற்றுகிறேன்: 1950க்கு முன் உள்ளவர்களில் ஐந்து பேர், இன்றைய பந்து, இன்றைய ஷூ, ஒரு வருஷம் பயிற்சி. யாரை இறக்குவீர்கள்? என்னுடையது: மைக்கன், கூப்பர், லுயிசெட்டி, சைலர்ஸ், ஹேன்ஸ்.

சென்டர் செல்வம்:
மைக்கனும் கூப்பரும் ஒரே ஐவரில் நின்றால் ரிங்குக்கு அடியில் நெரிசல் தம்பி. கூப்பரை எடுத்துவிட்டு பாப் கேட்ஸைப் போடுங்கள், வெளியிலிருந்தும் ஆடுவார்.

வலைக்கூண்டு:
ஜோ ஃபுல்க்ஸ் எங்கே? லீக் தொடங்கிய 1946-47இல் அதிக பாயிண்ட் அவருடையது, ஆட்டத்துக்கு 23.2. அணிகளே 70ஐத் தாண்டத் திணறிய காலம் அது. 1949 பிப்ரவரி 10 அன்று ஒரே ஆட்டத்தில் 63 போட்டார். பத்து வருஷம் யாரும் அதைத் தாண்டவில்லை, 1959இல் எல்ஜின் பேய்லர் 64 எடுக்கும்வரை. ஃபுல்க்ஸ் இல்லாத ஐவரை நான் ஏற்கமாட்டேன்.

திருச்சி கார்டு:
அப்படியானால் சைலர்ஸை எடுத்துவிடலாமா?

வலைக்கூண்டு:
சைலர்ஸைத் தொடாதீர்கள். லுயிசெட்டியை உட்காரவையுங்கள்.

ராகவி:
லுயிசெட்டி தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், அவரை உட்காரவைக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஜான் ஐசக்ஸ் ஆறாவது ஆளாக வரவேண்டும், ஜாக்கெட்டோடு.

பெஞ்ச் பிளேயர்:
ஆறாவது இடம் என்னுடையது. வேண்டுமானால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.